பெகீன் முற்றங்கள் நான்கு: ப்ரூஜ், கோர்ட்ரைக், லூவன், ஆம்ஸ்டர்டாம் – எதற்கு எவ்வளவு நேரம்?

ப்ரூஜ் நகரின் தெற்கு ஓரம், மின்னவாட்டர் ஏரிக்கரை. மூன்று வளைவுப் பாலம் ஒன்றைத் தாண்டினால் 1776ஆம் ஆண்டு என்று பொறித்த வாசல். உள்ளே வெள்ளையடித்த வீடுகள் சூழ்ந்த பெரிய புல்வெளி, சாய்ந்து நிற்கும் நெட்டை மரங்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் பத்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டு, 'அழகான கன்னிமடம்' என்று சொல்லிக்கொண்டே வெளியேறுகிறார்கள். அது கன்னிமடமாகக் கட்டப்பட்ட இடமே இல்லை. அது தெரியாமல் பார்த்தால் வந்த நேரம் வீண்.

அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பெகீன் என்று பெயர். மணமாகாத பெண்கள், சில விதவைகள். கன்னியாஸ்திரீகளைப்போல ஆயுள் முழுக்கக் கட்டுப்படுத்தும் வார்த்தைப்பாடு கொடுக்கமாட்டார்கள். வளாகத்துக்குள் இருக்கும்வரை கற்போடும் கீழ்ப்படிதலோடும் இருப்பேன் என்ற வாக்கு மட்டும்தான். கல்யாணம் செய்துகொள்ள மனம் வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். சொத்து அவரவர் பெயரில், சம்பாத்தியம் அவரவர் கையில். தலைவியைத் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்தார்கள். இரவில் வாசல் பூட்டப்படும், பகலில் ஊருக்குள் போய் வேலை செய்யலாம்.

இது எவ்வளவு பெரிய சலுகை என்பது அக்கம்பக்கத்தைப் பார்த்தால்தான் விளங்கும். வடமேற்கு ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் கல்யாணம் செய்தார்கள். பத்தில் ஒருத்தி, சில இடங்களில் ஐந்தில் ஒருத்தி, கடைசிவரை செய்யவேயில்லை. இங்கிலாந்தின் 1563ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 12 முதல் 40 வயதுவரை உள்ள மணமாகாத பெண்ணைப் பிறரிடம் வேலைக்குப் போகச் சொல்லி அதிகாரிகள் கட்டாயப்படுத்தலாம், மறுத்தால் ஒத்துக்கொள்ளும்வரை அடைத்துவைக்கலாம் என்றது. நூல் நூற்பவள் என்று தொழிலைக் குறித்த 'ஸ்பின்ஸ்டர்' என்ற சொல், சட்டப் பத்திரங்களில் மணமாகாதவளைக் குறிக்கும் அடைமொழியானதும் அந்தக் காலத்தில்தான். கத்தோலிக்க நாடுகளில் கன்னிமடம் இருந்தது. ஆனால் அதற்குள் நுழையவே சீர்ப்பணம் கட்ட வேண்டும். 1563இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய ட்ரெண்ட் பொதுச்சங்கம் கன்னியாஸ்திரீகளை மதிலுக்குள் அடைத்ததும் வெளியே போய்ப் பிழைக்கிற வழியும் போயிற்று. நிரந்தர வார்த்தைப்பாடு இல்லாத பெகீன்கள் அந்த அடைப்புக்கு வெளியே நின்றார்கள். அவர்களுடைய வளாகங்கள் 17ஆம் நூற்றாண்டில் மறுபடி நிரம்பி வழிந்ததற்கு இது முக்கியமான காரணம்.

எனவே இந்த மதிப்புரையின் அளவுகோல் ஒன்றுதான்: கணவன் இல்லாத ஒரு பெண் தலைக்கு மேல் கூரையையும் தட்டில் சோற்றையும் எப்படிச் சம்பாதித்தாள் என்பதை இந்த இடம் காட்டுகிறதா? அழகுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. பெல்ஜியத்தின் டச்சு மொழி பேசும் ஃபிளெமிஷ் பகுதியில் மட்டும் 13 வளாகங்கள் 1998இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அவற்றில் மூன்றும் ஆம்ஸ்டர்டாமில் ஒன்றும் இங்கே.

ப்ரூஜ்

அழகில் முதல், விளக்கத்தில் கடைசி. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபிளாண்டர்ஸ் சீமாட்டி மார்கரெட் ஆதரவில் உருவான இடம். பழைய தேவாலயம் 1584இல் எரிந்துபோய், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரும்பக் கட்டினார்கள். இப்போது அங்கே கறுப்பு உடையில் நடமாடுகிற சகோதரிகள் 1927இல் வந்த பெனடிக்டின் சபையினர். பெகீன்கள் அல்ல. அவர்களைப் படம் பிடித்து 'கடைசி பெகீன்கள்' என்று பதிவிடும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. முற்றத்தில் இதைத் தெளிவாகச் சொல்லும் பலகை வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முற்றத்துக்குள் நுழையக் காசு இல்லை. வாசலை ஒட்டியிருக்கும் சிறிய வீட்டு அருங்காட்சியகத்துக்குச் சில யூரோ கட்டணம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் மேலே சொன்ன கேள்விக்குப் பதில் கிடைப்பது அந்த நாலு அறைகளில்தான். ஓடு பதித்த அடுப்படி, உண்ணும் அறை, படுக்கையறை, பின்னால் கிணறோடு சிறு முற்றம். உண்ணும் அறையில் நிற்கும் அலமாரியை நின்று பாருங்கள். ஸ்கப்ராய் என்பார்கள். பல பெண்கள் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் ஒவ்வொருத்திக்கும் இப்படி ஒரு பகுதி உண்டு. ஒரு அடுக்கில் பாத்திரம், ஒரு அடுக்கில் ரொட்டியும் வெண்ணெயும், நடுவில் இழுத்தால் வெளியே வரும் ஒரு பலகை. அந்தப் பலகைதான் சாப்பாட்டு மேசை. அலமாரிக் கதவுகளைத் திறந்து இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டு அவளவள் தன் சாப்பாட்டைத் தான் சாப்பிடுவாள். கன்னிமடத்தில் ஒரே நீண்ட மேசை, ஒரே சமையல். இங்கே ஒரே கூரை, ஆனால் தனித்தனி உலை. பணக்காரியின் தட்டில் இறைச்சியும் ஏழையின் தட்டில் கஞ்சியும் இருந்தால் பக்கத்திலிருப்பவள் கண்ணில் படாது. பெகீன் வாழ்க்கையின் சட்டதிட்டம் முழுவதையும் இந்த ஒரு மரச்சாமான் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் குறிப்போ இரண்டே வரி.

என்ன தவறாகப் போகும்? நேரம்தான். காலை பத்தரை முதல் மாலை நான்குவரை குழுக்கள் வரிசையாக வந்துகொண்டேயிருக்கும். முற்றத்தின் நடுவே நிற்கவும் முடியாது, அமைதி காக்கச் சொல்லும் பலகைக்கு அர்த்தமும் இருக்காது. காலை ஒன்பதுக்கு முன் முற்றம் சுற்றிவிட்டு, அருங்காட்சியகம் திறந்ததும் முதல் ஆளாக நுழைவது நல்லது. மாலை ஆறரைக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். 'சூரிய அஸ்தமனப் படம்' எடுக்கக் கோடைகாலத்தில் வந்து ஏமாந்து நிற்பவர்களைப் பாலத்தில் பார்க்கலாம். ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம்தான். ரயில் பலகையில் ஊர்ப்பெயர் 'ப்ருக்க' என்று ஃபிளெமிஷில் இருக்கும்.

வழிகாட்டிகள் சொல்லும் ஒரு கதைக்கும் தயாராக இருங்கள்: சிலுவைப்போருக்குப் போன கணவன்மார் திரும்பி வராததால் விதவைகள் கூடி இதைக் கட்டினார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கும், கணக்கு இடிக்கும். சிலுவைப்போர்கள் முடிந்து பல நூற்றாண்டுகள் கழித்தும் இங்கே பெண்கள் சேர்ந்துகொண்டேயிருந்தார்கள். கம்பளி, லினன், லேஸ் தொழிலில் ஒற்றைப் பெண்ணுக்குக் கூலி கிடைத்த நகரங்கள் இவை. அந்தக் கூலியைப் பற்றி வழிகாட்டிகள் பேசுவதேயில்லை.

கோர்ட்ரைக்

ப்ரூஜிலிருந்து நேரடி ரயில், முக்கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடக்குறைய. நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. பிரெஞ்சில் கூர்த்ரே என்று எழுதுவார்கள், இரண்டும் ஒரே ஊர்தான்.

நான்கில் ஒன்றே ஒன்று பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். 1238இல் ஃபிளாண்டர்ஸ் சீமாட்டி ஜோன் நிறுவியது. வளாகத்தில் அவருக்கு ஒரு சிலையும் உண்டு. இன்று நிற்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு வீடுகள் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு. தலைவியின் வீட்டை மட்டும் தூரத்திலேயே அடையாளம் காணலாம், படிக்கட்டு வடிவ முகடு இரட்டையாக எழும்பி நிற்கும். மற்ற வீடுகள் தாழ்ந்த வாசல், வெள்ளைச் சுவர். சந்து அகலமும் குறைவு. எதிர்வீட்டில் யார் எத்தனை மணிக்கு விளக்கணைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் அளவுக்கு நெருக்கம். பாதுகாப்பும் அதுதான், கண்காணிப்பும் அதுதான். ப்ரூஜின் பெரிய புல்வெளியில் இந்த உணர்வு வராது.

புனித அன்னா கூடத்தில் இருக்கும் விளக்க மையம், அன்றாட வாழ்க்கையை ஒழுங்காகச் சொல்கிறது: யார் சேரலாம், என்ன வேலை, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர். பெகீன்கள் துணி வெளுத்தார்கள், நூல் நூற்றார்கள், லேஸ் பின்னினார்கள், ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள், நோயாளிகளைக் கவனித்தார்கள், சாவு வீடுகளில் கூலிக்குச் செபம் சொன்னார்கள். கடைசி வேலை நமக்கு வினோதமாகத் தோன்றலாம். ஒப்பாரிக்குக் கூலி கொடுத்து ஆள் அழைத்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றாது.

உலகின் கடைசி பெகீன் மார்செல்லா பட்டைன் வாழ்ந்ததும் இங்கேதான். 1920இல் பெல்ஜியன் காங்கோவில் பிறந்தவர். பார்வை ஏறக்குறைய இல்லை. அதனாலேயே கன்னிமடங்கள் ஏற்க மறுத்தன. 1941இல் கெண்ட் நகரை ஒட்டிய சிண்ட் அமாண்ட்ஸ்பெர்க் பெகீன் வளாகம் சேர்த்துக்கொண்டது. 1960இல் கோர்ட்ரைக் வந்தார். 2013 ஏப்ரல் 14 அன்று 92 வயதில் இறந்தார். வேறெங்கும் இடம் கிடைக்காத பெண்ணுக்கு இடம் கொடுப்பதுதான் தொடக்கத்திலிருந்தே இந்த வளாகங்களின் வேலை. கடைசி ஆள்வரை அது மாறவில்லை.

குறை என்றால், வீடுகளைக் கட்டங்கட்டமாகப் புதுப்பிக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. ஏதாவது ஒரு பக்கம் சாரம் கட்டியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், உள்ளே போக முடியாது. ஒன்றரை மணி நேரம் போதும்.

லூவன்

முதலில் டிக்கெட் விஷயம். பிரெஞ்சில் இந்த ஊர் லூவேன். ஆனால் 'லூவேன்-லா-நெவ்' என்பது பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகத்துக்காகப் பிற்காலத்தில் கட்டிய வேறு ஊர். அங்கே இறங்கினால் பெகீனும் இல்லை, மதிலும் இல்லை. பிரஸ்ஸல்ஸிலிருந்து சரியான லூவனுக்கு அரை மணி நேரத்துக்குள் ரயில். நிலையத்திலிருந்து பெரிய பெகீன் வளாகம் இருபது, இருபத்தைந்து நிமிட நடை. ஊரில் சின்ன பெகீன் வளாகமும் ஒன்று இருப்பதால் 'பெரிய' என்ற சொல்லைச் சேர்த்தே வழி கேளுங்கள்.

இது முற்றம் அல்ல, ஒரு குட்டி ஊர். சுமார் 3 ஹெக்டேர், ஏறக்குறைய 100 வீடுகள், நடுவில் டைல் ஆற்றின் கிளைகள், அவற்றின் மேல் சிறு பாலங்கள். 17ஆம் நூற்றாண்டின் உச்சத்தில் 360 பெகீன்கள் இருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு மூன்று நான்கு பேர் என்று வரும். நடந்து பார்த்தால் அந்தக் கணக்கு எவ்வளவு பொய் என்று தெரியும். சில வீடுகள் சுற்றுச்சுவரும் தோட்டமுமாக ஒரு குடும்பமே வாழும் அளவுக்கு விசாலம். அவை ஒன்றிரண்டு பணக்காரிகளுக்கு. வேறு சில நீண்ட கட்டடங்கள். அவை ஏழைகளும் புதிதாகச் சேர்ந்தவர்களும் கூட்டாகத் தங்கிய இல்லங்கள்.

பண ஏற்பாடு இப்படி: காசுள்ளவள் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டைத் தன் ஆயுளுக்கு மட்டும் வாங்குவாள், அல்லது தன் செலவில் கட்டிக்கொள்வாள். இறந்தபின் வீடு வளாகத்துக்குச் சேரும். நம் ஊர் ஒத்தி மாதிரி, ஆனால் பணம் திரும்பாது. இப்படித் திரும்பி வந்த வீடுகளும் தானங்களும்தான் ஏழைப் பெகீன்களுக்கான நிதியையும் நோயாளிகளுக்கான விடுதியையும் தாங்கின. ஏழைகளுக்கான அந்த நிதிக்குப் 'பரிசுத்த ஆவியின் மேசை' என்று பெயர். அப்பா சொத்து சகோதரனுக்குப் போய்விடும் குடும்பத்தில், இந்த ஆயுள் வீடு ஒரு பெண்ணின் முதுமைக்கு எத்தனை பெரிய உத்தரவாதம் என்று எண்ணிப்பாருங்கள்.

தெருப்பக்கச் சுவர்களைக் கவனியுங்கள். தரைத்தளத்தில் ஜன்னல் குறைவு, வெளிச்சம் தோட்டப் பக்கமிருந்துதான் வருகிறது. மேல்தளத்தில் மணற்கல் சட்டமிட்ட சிலுவை ஜன்னல்கள். தெருவில் போகிறவன் உள்ளே எட்டிப்பார்க்கக் கூடாது, உள்ளிருப்பவளும் வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் சொத்துகள் நகர ஏழைநிதியிடம் போய், வீடுகள் வறியவர்களின் வாடகைக் குடியிருப்பாகிச் சிதைந்தன. 1962இல் பல்கலைக்கழகம் முழு வளாகத்தையும் வாங்கியது. ரேமண்ட் லெமேர் தலைமையில் பல ஆண்டுகள் புதுப்பித்தார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964 வெனிஸ் சாசனத்தை வரைந்தவர்களில் அவரும் ஒருவர். ஆகவே வேலை நேர்த்தியாகவே இருக்கிறது. ஒருவேளை நேர்த்தி கூடிவிட்டதோ என்றும் தோன்றும். சிவப்புச் செங்கல் பளிச்சென்று தெரிய, ஒரு கறை இல்லாமல் நிற்கிறது. இப்போது மாணவர்களும் வெளிநாட்டுப் பேராசிரியர்களும் குடியிருக்கிறார்கள். உள்ளே பார்க்க ஒரு மாதிரி வீடு இல்லை, விளக்கப் பலகைகளும் குறைவு. முன்கூட்டியே படித்துக்கொண்டு வருபவருக்கு நான்கில் இதுதான் அதிகம் தரும். படிக்காமல் வருபவருக்கு நல்ல நடைப்பயிற்சி.

ஆம்ஸ்டர்டாம்

மற்ற மூன்றும் கத்தோலிக்க ஆட்சியில் பிழைத்தவை. இது புராட்டஸ்டண்ட் நகரத்தின் நடுவில் பிழைத்தது. 1578இல் நகராட்சி புராட்டஸ்டண்டுகள் கைக்கு மாறியதும் கத்தோலிக்கச் சொத்துகள் பறிபோயின. பெகீன்களின் தேவாலயமும் போயிற்று. 1607இல் அதை ஆங்கிலேயப் புராட்டஸ்டண்ட் சபைக்குக் கொடுத்தார்கள். வீடுகள் மட்டும் பறிபோகவில்லை. காரணம் பக்தி இல்லை, பத்திரம்: அவை அந்தப் பெண்களின் தனிச்சொத்து. தன் காசில் தனக்கொரு வீடு என்று லூவனில் பார்த்த விஷயம்தான் இங்கே உயிர்காத்தது.

கோயில் இல்லாத பெகீன்கள் மறைவாக வழிபட்டார்கள். 1671இல் எதிரிலிருந்த இரண்டு வீடுகளைச் சேர்த்துக் கட்டடக்கலைஞர் பிலிப்ஸ் ஃபிங்போன்ஸ் ஒரு மறைவுக் கோயில் அமைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயம் என்று தெரியக்கூடாது என்பது நிபந்தனை. இன்றும் தெரியாது. கதவைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்கள் ஏராளம். உள்ளே போய்ப் பாருங்கள், வழிபாடு நடந்தால் காத்திருங்கள்.

ஆங்கிலத் தேவாலயத்தின் பக்கவாட்டில், புல்லுக்கும் நீரோடும் காலுக்கும் நடுவில் ஒரு கல் இருக்கிறது. 1654இல் இறந்த கொர்னேலியா ஆரென்ட்ஸ் என்ற பெகீனின் நினைவிடம். புராட்டஸ்டண்டுகள் கையில் போன கோயிலுக்குள் புதைப்பதைவிடச் சாக்கடையோரம் புதையுங்கள் என்று அவர் கேட்டதாகச் சொல்கிறார்கள். 34ஆம் எண் வீடு, நகரில் மர முகப்போடு மிஞ்சியிருக்கும் இரண்டு பழைய வீடுகளில் ஒன்று. இங்கிருந்த கடைசி பெகீன் 1971இல் இறந்தார். ஆனால் வீடுகளில் இன்றும் வாடகைக்கு இருப்பது தனித்து வாழும் பெண்கள், சுமார் நூறு பேர். செபம் நின்றுபோனது, ஏற்பாடு நிற்கவில்லை.

அவர்கள் குடியிருப்பதால் விதிகள் கடுமை: வழிகாட்டியோடு குழுவாக வர அனுமதி இல்லை, பின்பகுதி தடுத்திருக்கும், ஜன்னல்களைப் படமெடுத்தால் திட்டு விழும். அது நியாயமான திட்டு. ஸ்பூய் சதுக்கத்திலிருக்கும் சிறு கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள், பக்கத்துத் தெருவான கெடெம்ப்டெ பெகைனென்ஸ்லோட்டில் இன்னொரு வாசல் உண்டு. அரை மணி நேரம் போதும்.

லேஸ் கடைகள்

ப்ரூஜ் கடைத்தெருவில் 'பெகீன்கள் பின்னிய பாரம்பரிய லேஸ்' என்ற பேச்சோடு விற்கும் மேசைவிரிப்புகளில் பெரும்பகுதி இயந்திர வேலை. விலை மலிவாக இருந்தாலே சந்தேகம் வர வேண்டும். கையளவு துண்டுக்கே பல மணி நேரம் பிடிக்கும் வேலை இது. சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று கொண்டுபோங்கள். பாபின் எனும் நூல் சுற்றிய சிறு குச்சிகளால் கையால் பின்னும் பாபின் லேஸில் அடர்ந்த இடங்கள் நெய்த துணிபோல, ஒரு நூல் மேலே ஒரு நூல் கீழே என்று பின்னியிருக்கும். பின்பக்கம் துண்டுகளை இணைத்த கொக்கி முடிச்சுகள் தெரியும். ப்ரூஜ் பாணியில் பூக்களைத் தனித்தனியாகச் செய்து பிறகு இணைப்பதால் அந்த முடிச்சுகள் இருந்தே ஆக வேண்டும். ஒரே திசையில் மெல்லிய வரிகள் ஓடினால் இயந்திரம். நூல் ஓரங்கள் மயிர்மயிராகப் பிசிறடித்தால், கரையும் துணியில் எம்ப்ராய்டரி போட்டு அடித்துணியைக் கரைத்து எடுத்தது. ஏமாற்று நுட்பமாக நடக்கும் இடம் நாடா லேஸ்: இயந்திரத்தில் நெய்த நாடாவை வளைத்து, இடைவெளியை மட்டும் கையால் நிரப்பிவிட்டு 'கைவேலை' என்பார்கள். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. 'முழுக்க பாபினில் கையால் செய்தது, செய்த ஊர் இது' என்று ரசீதில் எழுதிக் கேளுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் பால்ஸ்ட்ராட் தெருவில் பழைய லேஸ் பள்ளியில் இயங்கும் லேஸ் மையத்துக்குப் போய்வருவது நல்லது. மதியத்துக்குமேல் செய்துகாட்டுவார்கள், அதற்கேற்ப நேரம் வையுங்கள். தலையணைமேல் குத்திய ஊசிகளைச் சுற்றி பாபின்கள் உருளுவது, நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்குப் பழகிய காட்சியாக இருக்கலாம். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதே தலையணை லேஸ்தான்.

இரண்டு நாள் இருந்தால்: முதல் நாள் காலை ப்ரூஜ் முற்றமும் அலமாரியும், மதியத்துக்குமேல் லேஸ் மையம், இரவும் அங்கேயே. மறுநாள் காலை கோர்ட்ரைக், பிற்பகல் பிரஸ்ஸல்ஸ் வழியாக லூவன். மழைநாளில் உருண்டைக்கல் பாதை வழுக்கும், குதிகால் செருப்பும் சக்கரப் பெட்டியும் வேண்டாம். பெட்டியை ரயில் நிலைய லாக்கரிலேயே விட்டுவிடுங்கள்.